சாம்பலின் ஆறாவது ஃபாரம்

பெரிய ஆஸ்பத்திரியின் பதினோராம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் கிடந்தார். ஈரல் கெட்டு, இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ என்று டாக்டர் கையை விரித்துவிட்ட உடம்பு. வந்து பார்க்க உறவென்று யாருமில்லை. சாயந்திரமானால் ஒரே ஒரு ஆள் மட்டும் வந்து, கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அச்சகத்தில் புத்தகத்துக்கு அட்டை ஒட்டுகிறவர். விரலிடுக்கில் காய்ந்த பசை எந்நேரமும் இருக்கும்; அதனால் எல்லாருக்கும் அவர் பசையண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை பசையண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து மடித்த அச்சுத்தாள் ஒன்றை எடுத்தார். பதினாறு பக்கம். ஓரம் வெட்டாத தாள் என்பதால் விரலை விட்டுப் பிரித்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். நர்ஸ் அதட்டாத அளவுக்குத் தணிந்த குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். டிரைவர் தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எனக்கு அப்பவே தெரியும்யா, அந்தக் கண் டாக்டரம்மாதான்னு" என்று சிரித்தார். பிடித்த பிடியிலேயே தூங்கிப்போனார். தாளை உருவினால் முழித்துக்கொள்வார். பசையண்ணன் உருவவில்லை. ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டின மனைவியிடம்கூட.

சொல்லியிருந்தால் மறுநாள் நடந்தது நடந்திருக்காது.

சாகப்போகிற மனுஷன் காதில் விழுந்தது ஏதோ வேதமாக்கும், பிரார்த்தனையாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒன்றாக வரும் உளவாளிக் கதை அது. 'ஏஜென்ட் சாம்பல்' வரிசையில் முந்நூறாவது புத்தகம், அதன் கடைசிப் பதினாறு பக்கம். கடவுளின் பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் துப்பாக்கியும் கயிறும் ஏரோப்ளேனும். ஆனாலும் அந்த ஆள் நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மூன்று முறை மடித்தால் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரத்தை வரிசையாக அடுக்கி, முதுகில் பின் அடித்து, அட்டை ஒட்டி, மூன்று ஓரமும் வெட்டினால் தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு சாம்பல் தயார். மடிப்பதும் அடுக்குவதும் பசையண்ணனின் மனைவி. ஒட்டுவது அவர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் பொடி எழுத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கும். அவள் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். அவள் உட்கார்ந்து படிக்கிற புத்தகம் ஒன்றே ஒன்று, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பக்கம் பார்க்கிற பிரார்த்தனைப் புத்தகம்.

ஆனால் இருபது வருஷமாக மடித்தால், வேண்டாம் என்றாலும் நாலு வரி கண்ணில் படுமே. அதிலேயே அவள் சாம்பலை முழுசாகப் புரிந்துவைத்திருந்தாள்.

"ஒண்ணாவது ஃபாரத்துல ஒரு பொணம். ரெண்டாவதுல ஏரோப்ளேன். மூணாவதுல ஒரு பொண்ணு. நாலாவதுல அந்தப் பொண்ணு காட்டிக் கொடுப்பா. அஞ்சாவதுல இவனைக் கட்டிப் போடுவாங்க. ஆறாவதுல அவுத்துக்குவான். இதுக்கு எதுக்குங்க முந்நூறு புஸ்தகம்?"

"படிக்காம பேசாதே."

"மடிக்கிறேனே, போதாதா?"

பசையண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நூத்திப் பதினாலுல ஏரோப்ளேனே கிடையாது, தெரியுமா? முழுக்க முழுக்க ரயிலு."

"ஆமா, பெரிய வித்தியாசம்! ஆகாசத்துல போகாம தரையில போனான். எதுல போனா என்ன, போய் என்னத்தைக் கிழிச்சான்?"

அவள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. இந்தச் சாம்பலுக்கு முதல் புத்தகத்தில் முப்பது வயசு. இருபத்தைந்து வருஷம் கழித்து முந்நூறாவது புத்தகத்திலும் அதே முப்பது. ஒரு பல்வலி வந்ததில்லை. அவசரமாகக் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பைத் தேடினதில்லை. பஸ்ஸுக்கு நின்றதில்லை. நெஞ்சில் குண்டு பாய்ந்தால் அடுத்த பக்கத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவான். நமக்குக் கை விரலில் காகிதம் கீறினாலே இரண்டு நாள் எரிகிறது. எந்த நாட்டுப் பூட்டானாலும் ஒரு கொண்டை ஊசியால் திறந்துவிடுவான். அந்தக் கொண்டை ஊசியை அவன் எங்கே வாங்குகிறான், ஒருநாளும் அது ஏன் தொலைவதில்லை என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அவள் வீட்டில் வாங்கின மறுநாளே காணாமல் போகும்.

அவனுடைய எதிரிகளோ அதைவிட மோசம். நெற்றியில் துப்பாக்கியை வைத்தவன் சுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டான். சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் திட்டம் முழுவதையும் நாலு பக்கத்துக்கு விளக்கிச் சொல்வான். அதற்குள் இவன் கயிற்றை அறுத்துக்கொள்வான். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் கண்ணீரோடு, "இனி எப்போது வருவீர்கள்?" என்று கேட்பாள். அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சாம்பலுக்கு வீடு கிடையாது" என்று சொல்லிவிட்டு இருட்டில் நடப்பான். முந்நூறு புத்தகத்துக்கும் கடைசி வரி அதுதான்.

"வீடு கிடையாதாம். அப்ப அந்தச் சட்டையை யாருடா துவைக்கிறா?" என்பாள் அவள். "பேரைப் பாரு, சாம்பலு. நாலு பாத்திரம் தேய்க்கக்கூட உதவ மாட்டான்."

இதை மாதம் தவறாமல் காத்திருந்து வாங்குகிறவர்கள் நாலாயிரம் பேர். யார் இவர்கள்? பயணிகளிடம் திட்டு வாங்கும் டிரைவர், முதலாளியிடம் திட்டு வாங்கும் குமாஸ்தா, எல்லாரிடமும் திட்டு வாங்கும் வாட்ச்மேன். படித்து முடிக்கும் வரைக்கும் அவர்களை யாரும் திட்டுவதில்லை. அதற்கு மேல் அதில் ஒரு வைரமும் புதைந்திருக்கவில்லை.

ஆனால் பசையண்ணன் அந்த ரகமில்லை. நம்பினார். ஒவ்வொன்றும் வேறு வேறு என்று உளமார நம்பினார். எண்ணைச் சொன்னால் முடிவைச் சொல்வார். டிரைவரோடு அவருக்குச் சிநேகம் பிடித்ததே அதனால்தான். மாதம் பிறந்தால் அந்த ஆள் பஸ்ஸை அச்சகத்துத் தெருமுனையில் அரை நிமிஷம் கூடுதலாக நிறுத்துவார். இவர் ஜன்னல் வழியாகப் புத்தகத்தை நீட்டுவார். டிரைவர் படுத்த பிறகு, முந்நூறாவது புத்தகத்தில் அன்றன்றைக்கு மடிப்புக்கு வந்த ஃபாரத்தின் கதையைச் சாயந்திரம் போய் வாயால் சொல்லிவந்தார். ஆறாவது வந்த அன்று டிரைவர்தான் அடம் பிடித்தார்.

"வாயால சொன்னா நீ என் மனசு நோகுமேன்னு மாத்திச் சொல்லுவே. அச்சுல இருக்கறதைக் கொண்டாந்து படி."

அங்கேதான் வில்லங்கம். சில வருஷத்துக்கு முன் யாரோ ஒருவன் கடைசி ஃபாரத்தைத் திருடி, புத்தகம் வருமுன்பே முடிவை டீக்கடையில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முதலாளி போட்ட சட்டம்: வெளியீட்டுக்கு முன் ஒரு தாள் கேட்டைத் தாண்டினால், எடுத்தவன் அன்றைக்கே பெட்டி படுக்கையோடு வெளியே. பசையண்ணனுக்கு வெளியே என்றால் வேலை மட்டும் போகாது. அச்சகத்துக் குடோனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையும், அதை ஒட்டின சமையல் தடுப்பும்தான் அவர்கள் வீடு. அதுவும் முதலாளியுடையது. மகளைக் கட்டிக்கொடுத்தது அந்த அறையிலிருந்துதான். வேறு கூரை கிடையாது.

தெரிந்தும் எடுத்தார். எப்போதும் கெட்டுப்போகிற தாளுக்காக நாலைந்து கூடுதலாக வரும், ஒன்று குறைந்தால் தெரியாது என்று நினைத்தார்.

முந்நூறாவது புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழா. எழுத்தாளருக்கும் மேடை விருந்தாளிகளுக்கும் இருபத்தைந்து பிரதி மட்டும் முன்கூட்டி வேண்டும் என்று முதலாளி உத்தரவு. விழாப் புத்தகம் என்பதால் ஃபோர்மேன் இந்தத் தடவை ஒரு தாள்கூடக் கூடுதலாகத் தரவில்லை. எண்ணி இருபத்தைந்துதான் மேசையில் வைத்திருந்தார்; மீதி இன்னும் அச்சேறவில்லை. அது பசையண்ணனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பசையண்ணன் வேலைக்கு வருமுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், தாளை வாங்கி வந்துவிடலாம் என்று. பதினோராம் கட்டிலில் புதுசாக வெளுத்த விரிப்பு விரித்திருந்தது. விடிகாலையில் போய்விட்டாராம். பழைய விரிப்பு, தலையணை, அதோடு சாம்பலின் முடிவு எல்லாம் சலவைக்கோ எரிப்பதற்கோ போய்விட்டன. அங்கே நின்று எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது? திரும்பி நடந்தார்.

அந்த நேரத்தில் இங்கே அடுக்குமேசையில் அவள் ஒன்று இரண்டு மூன்று என்று கை வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு புத்தகம் ஆயிற்று. இருபத்தைந்தாவதுக்கு ஆறாவது ஃபாரம் இல்லை.

ஃபோர்மேன் பையோடு மேசையோரம் நின்றார். "என்னம்மா, ஆச்சா? அங்க முதலாளி கால்ல வெந்நி ஊத்திக்கிட்டு நிக்கிறாரு."

"இதோ ஆச்சு."

ஒன்று குறைகிறது என்று சொன்னால் போயிற்று. எங்கே போச்சு, யார் எடுத்தது, பையைக் காட்டு, மடியைக் காட்டு என்று ஊரைக் கூட்டிவிடுவார். அவள் குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் போன மாதத்துத் தாள்கள் கிடந்தன, பசை துடைப்பதற்கு வைத்தவை. அதில் அழுக்குப் படாத ஒன்று. அடியில் எண்ணைப் பார்த்தாள். ஆறு.

ஒரு நொடிதான் யோசித்தாள். மேடையில் வைத்துக் கைதட்டத்தானே, இதை யார் படிக்கப் போகிறார்கள்? அப்படியே படித்தாலும்தான் என்ன, ஆறாவதில் அவன் அவிழ்த்துக்கொள்வான், அவ்வளவுதானே. ஆறு என்றால் ஆறு. வைத்தாள். பின் அடித்தாள். கடைசியாகச் செய்தது மேலே இருந்தது. மேலே இருந்ததற்கு ஃபோர்மேன் சிவப்பு நாடா கட்டச் சொன்னார். அது எழுத்தாளர் கையில் கொடுக்கும் பிரதி. சற்று முன் வந்து உட்கார்ந்திருந்த பசையண்ணன்தான் தன் கையாலேயே அதற்கு அட்டை ஒட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அவள் சிரிப்போடு சொன்னாள். "இன்னைக்கு உங்க சாம்பலை நான்தாங்க காப்பாத்தினேன். ஒரு ஆறு குறைஞ்சுது. ஈடு கட்டிட்டேன்."

"எதை வச்சு?"

"போன மாசத்து ஆறு. மேசைக்கு அடியில இருந்துச்சு."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு நின்றது. அப்புறம்தான் டிரைவர் கதை, ஸ்டூல், தாளின் முனை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"சொன்னா நீ விடமாட்டே."

"விட்டிருக்கவே மாட்டேன். அந்த மனுஷனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பாம, துப்பாக்கிக் கதையைச் சொல்லி அனுப்பியிருக்கீங்க!" டப்பாவை மூடிக்கொண்டே, குரல் இறங்கி, "தூங்கினாரா?" என்றாள்.

"தூங்கினாரு."

"சரி, விடுங்க. அது புண்ணியமாவே இருக்கட்டும். நாளைக்கு நம்ம தலைக்கு வராம இருந்தா சரி."

பார்சல் அதற்குள் முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது. அன்று முழுக்க அவள் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான். அந்தப் புத்தகத்தை யாரும் திறக்கக் கூடாது கடவுளே. நாடா நாடாவாகவே இருக்கட்டும்.

கடவுள் அந்த வேண்டுதலைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார் போலிருக்கிறது.

விழாவில் அச்சகத்துக்காரர்களுக்குக் கடைசி வரிசை. மண்டபம் நிறைய வாசகர்கள். எழுத்தாளர் மண்டபத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வெயில் அவருக்கு மட்டும் கூரையைப் பொத்துக்கொண்டு அடிக்கிறதாக்கும். மாலை, பேச்சு, மறுபடி பேச்சு. யாரோ ஒருவர், "இன்னும் கடைக்கு வராத முந்நூறாவது புத்தகத்தின் முடிவை எழுத்தாளரே நமக்காக வாசிப்பார்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. முதலாளி சிவப்பு நாடாவை அவிழ்த்துப் புத்தகத்தை நீட்டினார்.

அவள் பசையண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தாளர் கடைசி அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மொட்டைத்தலைக் கப்பல் முதலாளியின் விரல்கள் அணைக்கட்டின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக வழுக்கின..."

முந்நூறாவது கதையில் கப்பலும் இல்லை, மொட்டையும் இல்லை, அணைக்கட்டும் இல்லை. கண் டாக்டரம்மாவும் கலங்கரை விளக்கமும்தான். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் போன மாதம்தான் இந்த மொட்டையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர்கள். எழுத்தாளர் அவனை மறுபடி மேலே தூக்கி, மறுபடி தள்ளினார். ஒருத்தராவது "ஏங்க" என்று கை தூக்க வேண்டுமே. அவள் தலைகளை எண்ணினாள். எல்லாத் தலையும் அசையாமல் கேட்டன. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிக்கு வந்ததும் எழுத்தாளர் நிறுத்தினார். மண்டபமே சேர்ந்து கத்தியது: "சாம்பலுக்கு வீடு கிடையாது!"

கைதட்டல் ஓயவே இல்லை. "முந்நூறுலயே இதுதான்யா டாப்பு. இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவே இல்ல" என்று பக்கத்தில் ஒரு ஆள் எழுந்து நின்று தட்டினார். அச்சகத்தில் பிழை பார்க்கும் புரூஃப் ஐயா, இரண்டு கதையையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தவர், திரும்பிப் பெருமையாகச் சொன்னார்: "கவனிச்சியா பசை? ஒரு கொம்பு, ஒரு புள்ளி விடல நான்." கொம்பையும் காலையும் புள்ளியையும் பார்க்கிறவருக்கு மொட்டையையும் டாக்டரம்மாவையும் பிரித்துப் பார்க்க நேரம் ஏது?

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "தப்பிச்சோம்ங்க" என்றாள் மெதுவாக. "கடவுள் இருக்காரு. நான் இத்தனை வருஷமா சொன்னேன்ல, எல்லாம் ஒண்ணுதான்னு? இப்பப் பாத்தீங்களா?"

அவர் கைதட்டவில்லை. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருந்தார்.

"யாருமே படிக்கலையா இவங்க?" என்றார்.

"படிச்சாங்க. தொடைச்சு எறிஞ்சுட்டாங்க."

"போன மாசம்தானே... எழுதினவருக்குக்கூடவா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தன் வாயே கசந்தது. இருபது வருஷமாக அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அரித்துக்கொண்டிருந்த விஷயம். இப்போது ஒத்துக்கொள்ளப் போகிறார். வேண்டாம் போலிருந்தது.

அவர் எழுந்தார். கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் போய் நின்றார். அவள் பின்னாலேயே ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? தப்பிச்சதே பெரிசு. வாயைத் திறந்தீங்கன்னா தலைக்கு மேல கூரை இருக்காது."

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"உங்க ஒரு வார்த்தை எனக்குத் தெரியாதா?"

அதற்குள் மேசை வந்துவிட்டது. எழுத்தாளர் தலை நிமிராமல், "பேரு?" என்றார். பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பேரு வேணாம். நான் அட்டை ஒட்டறவன். நீங்க இப்பப் படிச்சது போன மாசத்து முடிவு. ஆறாவது ஃபாரம் ஒண்ணை நான்தான் வெளியில எடுத்துட்டுப் போனேன், சாகக் கிடந்த ஒருத்தருக்குப் படிச்சுக் காட்ட. அதனால வந்த பிசகு. பிசகு என்னோடது." மேசைக்கு அடியிலிருந்து ஆறை எடுத்து வைத்தவளைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

முதலாளி முகம் கறுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி, படுக்கை, அடுப்பு, பிரார்த்தனைப் புத்தகம் என்று மனசு அதுபாட்டுக்கு மூட்டை கட்டத் தொடங்கியது.

எழுத்தாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருந்தவை சின்ன, தூக்கமில்லாத கண்கள். சிவப்பு நாடாப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார்.

"அட" என்றார். "அப்ப இந்த மாசத்து முடிவு என்ன?"

பசையண்ணன் கலங்கரை விளக்கத்தைச் சொன்னார். டாக்டரம்மா எல்லார் கண்ணிலும் மருந்து விட்டு மங்கலாக்குவதையும், சாம்பல் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காதை வைத்தே அவளைப் பிடிப்பதையும் நின்ற இடத்திலேயே ஒரு வரி விடாமல் சொன்னார். எழுத்தாளர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"நல்லாருக்கே!" என்றார் கடைசியில், மனசாரத்தான். "யாரு யோசனை இது?"

"உங்களோடதுதான்யா."

"அப்படியா" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்தவங்க வாங்க. பேரு?"

முதலாளி பசையண்ணனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். அவளும் போனாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாதே. வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். நாலாயிரம் பேரு சிரிப்பான்."

அவள் பொறுக்க முடியாமல், "ஐயா, வீடு..." என்றாள்.

"எந்த வீடு? போம்மா, போய் நாளைக்கு வேலையைப் பாருங்க ரெண்டு பேரும்."

உண்மையைச் சொன்னதற்காக அவர்களுக்கு வீடு தப்பவில்லை. அந்த உண்மை கேட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காகத் தப்பியது. எப்படியோ, அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் முந்நூற்றொன்றின் முதல் ஃபாரம் வந்தது. வழக்கம்போல ஒரு பிணம். பசையண்ணன் திறந்துகூடப் பார்க்கவில்லை. அட்டை ஒட்டினார், கை கழுவினார். முந்நூற்றிரண்டும் அப்படியே. முந்நூற்றி மூன்றும். தொல்லை விட்டது என்று அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பேச்சு குறைந்தது. நூற்றிப் பதினாலு என்று சொன்னாலும் ரயில் வரவில்லை. சண்டை போடக்கூட ஒன்றும் இல்லாமல் அந்த அறை வெறிச்சென்று கிடந்தது. திட்டுவதற்குச் சாம்பல் இல்லாவிட்டால் தனக்கும் பேச்சு பாதிதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

முந்நூற்றி நாலாவது வந்த அன்று முதல் ஃபாரத்தை அவளே அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, பொணம் யாருதுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"நீதான் எல்லாம் ஒண்ணுன்னியே."

"ஒண்ணுதான். அதுக்காகப் பொணத்தை அப்படியே போட்டுட முடியுமா?"

மூன்று மாசத்துக்கப்புறம் அவர் சிரித்தார். தாளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்த டிரைவருக்குக் கதையா வேணும்? முடிஞ்சுதுங்கறது வேணும். நம்ம பொழப்புல எது முடியுது சொல்லு. ஃபோர்மேன் கத்தறது முடியுதா, உன் முட்டிவலி முடியுதா? அங்கன்னா தொண்ணூத்தாறாம் பக்கத்துல டக்குன்னு முடிஞ்சிடுது. கெட்டவன் கீழே விழுந்துடறான்."

"கடவுள் எல்லாத்தையும் முடிப்பாரு."

"முடிப்பாரு. இல்லேங்கல. அவருக்கு அவசரமில்ல. டிரைவருக்கு அவசரம்."

அது அவளுக்குப் புரிந்தது. அதற்காக அந்தப் புத்தகத்தின் மேல் அவளுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குப்பை குப்பைதான். ஆனால் அன்றிலிருந்து அவர் அதை வாய்விட்டுப் படிப்பார், அவள் அடுப்படியிலிருந்து ஊடே ஊடே பிடிப்பாள். "அவன் எப்பங்க சாப்பிட்டான்? நேத்து ஏரோப்ளேன்ல ஏறினவன்!" "அந்தப் பொண்ணை நம்பாதேன்னு சொல்லுங்க, நாலாவது ஃபாரம் வந்தாச்சு." அவர் படிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். எழுத்தாளருக்குத் தெரியாமல் சாம்பலுக்குப் புதுக் கதை ஒன்று அந்த அறையில் மாதா மாதம் நடந்தது. நாலாயிரம் பேரில் ஒருத்தருக்கும் கிடைக்காத கதை.

அப்படியே நாலு வருஷம். பசையண்ணனுக்கு மூச்சிழுப்பு வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரி. பதினோராம் கட்டிலில்லை, ஜன்னலோரம் நாலாம் கட்டில். மூக்கில் குழாய். கையில் மட்டும் பசை உதிர்ந்து, விரல்கள் புதுசாய்ப் பிறந்தவை போல் இருந்தன. முந்நூற்று ஐம்பத்திரண்டாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாம்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் காலையில் கிளம்பும்போது குனிந்து, நர்ஸ் காதில் விழாமல் கேட்டாள்.

"இன்னைக்கு ஆறாவது வருதுங்க. ஒண்ணு எடுத்துட்டு வரட்டா? எந்த முதலாளி என்ன சொல்றான்னு பாத்துடறேன்."

நேர்மைக்காரி, ஒரு நூல்துண்டுகூட அச்சகத்திலிருந்து எடுத்ததில்லை. அவளா பேசுகிறாள் என்று அவர் ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அன்று மத்தியானம் அச்சகத்துக்கு ஆள் வந்துதான் அவளைக் கூப்பிட்டுப் போனது. அவள் போய்ச் சேருமுன் மூச்சு நின்றிருந்தது; ஆகவே காலையில் பேசிக்கொண்டதுதான் கடைசி. அவர் மூச்சை இழுத்து, குழாய்க்குள்ளேயே சிரித்து, மெதுவாகச் சொன்னார்:

"வேணாம்மா. அவன் எப்படியும் அவுத்துக்குவான். நீ வந்து அவனைத் திட்டு, அது போதும்."